மூன்று முறை சொன்னவள்

இன்றைக்கு ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லிக் களைத்தவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். இந்தக் கதை உங்களுக்குத்தான். மற்றவர்களும் கேட்கலாம், தடையில்லை.

அரசர்களுக்கு இன்னும் பட்டப்பெயர்கள் நீளாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையடியில் ஒரு நாடு. அந்த நாட்டில் வெண்ணாவல் ஏரி என்று ஒரு பெரிய ஏரி. ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஏரிக்கரையின் மேல் ஒரே ஒரு வீடு. அது மடையன் வீடு.

மடையன் என்றதும் சிரிக்காதீர்கள். ஏரியின் மடையைத் திறந்து மூடுகிறவனுக்கு அந்த நாட்டில் அதுதான் பெயர். நிறைந்த ஏரியில் மூச்சடக்கி முங்கி, மதகின் கண்ணை அடைத்திருக்கும் கட்டையை உருவி, வயலுக்கு நீர் விடுவது அவன் வேலை. மதகுக்கு மூன்று கண்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. எப்போது எந்தக் கண், எத்தனை நாழிகை, யார் வயலுக்கு முதல் நீர் என்பதெல்லாம் நாற்பது அடிப் பாட்டாக இருந்தது. அதற்கு மடைமுறை என்று பெயர். கண் மாற்றித் திறந்தால் கால்வாய் உடையும். திறக்காமல் விட்டால் கரை உடையும். அவ்வளவுதான் அந்த வேலையின் கதை.

ஒரு புரட்டாசியில் காய்ச்சல் கண்டு மடையன் இறந்துபோனான். அவன் மனைவி எயினி. பிள்ளைகள் மூன்று. மூத்தவள் சேந்தி, நடுவன் காடன், கடைக்குட்டி வேம்பன்.

ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வாரியத்தார் வந்தார்கள். துக்கம் கேட்டார்கள். பிறகு வழக்கத்தைச் சொன்னார்கள். மூன்று வருஷம் பக்கத்து ஏரிக்காரர் வந்து மடை திறந்துவிட்டுப் போவார். மூன்று வருஷம் கழிந்து வரும் கார்த்திகையில் சோதனை வைப்போம். இந்த வீட்டுப் பிள்ளை ஒன்று தேறினால் வேலையும் வீடும் உங்களுக்கே. தேறாவிட்டால் தை பிறக்குமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எயினிக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஒரு தங்கை இருந்தாள். இருவரும் நல்லவர்கள், இருவர் வீடும் சின்னது. அண்ணன் அவளையும் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். தங்கை ஒன்றை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மீதி ஒன்றைக் கோயில் மடத்தில் விடலாம் என்று இருவரும் சேர்ந்து யோசனை சொன்னார்கள். மூன்று பிள்ளைகள், மூன்று கூரை. ஏரி போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும். இந்த மூன்று கூரைதான் எயினியால் நினைத்துப் பார்க்க முடியாதது.

ஆகவே, மடைமுறையை ஓலையில் பார்த்துப் படிக்க எழுத்து தெரியட்டும் என்று, பிள்ளைகளை ஊருக்குள் எழுத்து சொல்லித்தரும் கணக்காயரிடம் அனுப்பினாள்.

கணக்காயரிடம் முப்பது பிள்ளைகள் படித்தார்கள். முப்பது பேருக்கும் ஒரே பாடம், ஒரே குரல், ஒரே பிரம்பு. முதல் பருவத்தில் சேந்தியைத் திருப்பி அனுப்பினார். எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் திருப்பிச் சொல்கிறாள், ஆனால் எழுத்தைக் காட்டினால் எழுத்து ஓடுகிறது என்கிறாள் என்றார். இரண்டாம் பருவத்தில் காடனைத் திருப்பி அனுப்பினார். உட்கார வைத்தால் தூங்குகிறான், எழுப்பிவிட்டால் ஓடுகிறான் என்றார். மூன்றாம் பருவத்தில் வேம்பனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். "அம்மா, உன் மகன் ஆனாவுக்கு ஏன் வளைவு என்று கேட்கிறான். பதில் சொன்னால்தான் ஆவன்னாவுக்கு வருவானாம். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆயுத எழுத்தைத் தாண்டிவிட்டார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் களைத்த மனிதர்தான்.

மூன்று பருவம் போயிற்று. எயினி வீட்டிலேயே பள்ளி வைத்தாள்.

மடைமுறை அவளுக்கு முழுதாகத் தெரியாது. கணவன் பாடும்போது கேட்டிருக்கிறாள். ஆனால் உரலும் அடுப்பும் போட்ட சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருந்தது. அவன் வைத்துவிட்டுப் போன ஓலையை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, தனக்கு ஓர் அடி பிடிபட்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்தாள். கணக்காயர் செய்ததைத்தான் அவளும் செய்தாள். வேறென்ன தெரியும் அவளுக்கு? சேந்தி உடனே சொல்லிவிட்டு அடுத்தது என்ன என்றாள். காடன் சுவரில் சாய்ந்து தூங்கினான். வேம்பன் முதல் சொல்லிலேயே நின்றான். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு மாதத்தில் அவள் கற்றுக்கொடுத்தது யாரும் யாரையும் கிள்ளக்கூடாது என்பது மட்டுமே.

அதன் பிறகு மூவருக்கும் பாடத்தைப் பிரித்தாள்.

காலையில் சேந்தி. நெல் குத்தும்போது உலக்கை விழும் தாளத்தில் எயினி பாடுவாள், எதிர் உலக்கை போடும் சேந்தி திருப்பிப் பாடுவாள். ஓலை கிடையாது, எழுத்து கிடையாது. காது மட்டும்.

உச்சி வேளையில் காடன். கொல்லையில் களிமண்ணால் ஒரு சின்ன ஏரியும் மதகும் கட்டினாள். சுரைக்குடுக்கையை வெட்டி மூன்று கண்ணுக்கும் மூடி செய்தாள். குடம் குடமாக நீர் சுமந்து அந்தப் பொம்மை ஏரியை நிரப்ப வேண்டும், காடன் திறந்து பார்க்க வேண்டும், வடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் அவனோடு நிஜ ஏரியில் இறங்கி முங்க வேண்டும். அவன் கை தெரிந்துகொண்டதை வாயால் கேட்டால் விழிப்பான். கையைக் கேட்டால் சொல்லும்.

பொழுது சாயும் நேரத்தில் வேம்பன். அவனோடு கரை நெடுக நடக்க வேண்டும். ஏன் மேற்கண் முதலில்? நீர் நிறைய இருப்பதால். நிறைய இருந்தால் ஏன் அடிக்கண் ஆகாது? மேலே இருக்கிற நீரெல்லாம் அதன் தலையில் உட்கார்ந்திருப்பதால். உட்கார்ந்தால் என்ன? திறந்தால் பீறிட்டு அடிக்கும், கால்வாய் தாங்காது. அப்படியானால் அடிக்கண் எதற்கு? இதைத் தெரிந்துகொள்ள எயினி மறுநாள் பக்கத்து ஏரிக்காரரைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். அறுவடை முடிந்ததும் அடியில் தங்கின வண்டலை வெளியேற்ற என்று. அதைச் சொன்னதும் வேம்பன் வண்டல் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பித்தான்.

ஓர் அடி, மூன்று பாடம். ஓர் அடிக்குச் சில சமயம் ஒரு மாதம் ஆயிற்று.

துணி துவைக்க வரும் பெண்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "எயினி, நீ நடத்துவது பள்ளியா சந்தையா?" என்று ஒருத்தி கேட்டாள். "சந்தை என்றால் சாயங்காலம் கலைந்துவிடுமே அக்கா" என்றாள் எயினி.

அவளுக்கு அசதி எலும்பு வரை இறங்கியிருந்தது. ஒரு நாள் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டாள். காலையில் காடனைக் கூப்பிட்டு உலக்கையைக் கொடுத்துப் பாடச் சொன்னாள். அவன் பாடவில்லை, உலக்கையால் உரலின் விளிம்பை உடைத்தான். உச்சியில் சேந்தியைக் களிமண் மதகின் முன் உட்கார வைத்தாள். எது மேல் எது கீழ் என்று தெரியாமல் அவள் மூன்று மூடியையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு, ஏரி போச்சு என்று அழுதாள். சாயங்காலம் வேம்பனிடம் பேசாமல் கேட்டு ஒப்பி என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டான். அடித்துவிட்டாள். அப்புறம் அவனும் அழவில்லை, அவளும் அழவில்லை. இருவரும் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

சில நாட்களில் எயினி ஏரியில் கழுத்தளவு இறங்கி, காது நனையும்படி பின்னால் சாய்ந்துகொள்வாள். பிள்ளைகள் கூப்பிட்டது கேட்கவில்லை என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. கேட்டிருக்கும். இருந்தாலும்.

இப்படியே முதல் வருஷம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதும் முடிந்தது. கார்த்திகை வந்தது. ஏரி கரை தொட்டு நின்றது.

சோதனை நாளன்று வாரியத் தலைவர் வந்தார். அவரை எல்லோரும் கிழார் என்பார்கள். முப்பது வருஷமாக அந்த நாட்டு ஏரிகளுக்கெல்லாம் மடையர்களைச் சோதித்துப் பார்த்தவர். கூடவே வழக்கம் எழுதிய வாரியத்து ஓலையை எடுத்துக்கொண்டு, அதை வாசித்துச் சொல்லக் கணக்காயரும் வந்தார். ஊர்க்காரர்கள் கரையில் நின்றார்கள். கிழார் பிள்ளைகள் மூவரையும் பார்த்து, சோதனை மூன்று பங்கு என்றார். சொல். செய். பாட்டில் சொல்லாததைச் சொல். மூன்றையும் ஒருவரே செய்ய வேண்டும்.

முதலில் சேந்தி வந்தாள். நாற்பது அடியையும் தடைபடாமல் பாடினாள். பிறகு நீரில் இறங்கினாள். முங்குமுன் மேற்கண் எங்கே என்று காட்டச் சொன்னால் அவள் கை நடுக்கண்ணின் ஆழத்தைக் காட்டிற்று. நல்லவேளை கட்டையை உருவுமுன் கிழார் வெளியே வரச் சொல்லிவிட்டார்.

இரண்டாவதாகக் காடன் வந்தான். மூன்று அடி சொன்னான். நான்காவது வரவில்லை. விரலால் தொடையில் தட்டினான், வானத்தைப் பார்த்தான், அப்படியும் வரவில்லை. கிழார் பொறுத்துப் பார்த்துவிட்டு, மடையன் என்று முணுமுணுத்தார்.

"ஆமாங்க ஐயா, மடையன் மகன்" என்றான் காடன் மரியாதையாக.

கரை முழுதும் சிரித்தது. கிழாரும் மீசைக்குள் சிரித்துவிட்டு இறங்கச் சொன்னார். காடன் மீனைப் போல முங்கினான். திறந்தான், மூடினான், மேலே வந்து மூச்சுக்கூட வாங்கவில்லை. கிழார் அவனிடம் மூன்றாவதையும் கேட்டுப் பார்த்தார். ஏரி நிறைந்திருக்கிறது, மேற்கண் அடைபட்டுவிட்டது, பாட்டில் இதற்கு அடி கிடையாது, என்ன செய்வாய் என்று. காடன், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி ஏரியில் குதித்துவிட்டான். அவனைக் கரைக்குக் கொண்டுவர நேரமாயிற்று.

மூன்றாவதாக வேம்பன் வந்தான். 'கார்த்திகை நிறைந்தால் மேற்கண்' என்று முதல் அடியைச் சொன்னான். சொல்லிவிட்டு, நிறைவது கார்த்திகையா ஏரியா ஐயா என்று கேட்டான். கரையில் மறுபடி சிரிப்பு எழுந்தது. முப்பது வருஷத்தில் கிழாரை யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, மேலே சொல் தம்பி என்றார். வேம்பன் மேலே போகவில்லை. பதில் வரட்டும் என்று நின்றான்.

மூன்று பிள்ளைகளும் முடிந்தார்கள்.

எயினி கைகூப்பி முன்னால் வந்தாள். ஐயா, ஒருத்தி சொல்வாள், ஒருவன் செய்வான், ஒருவன் யோசிப்பான். மூவரையும் சேர்த்து ஒரு மடையனாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டாள்.

கிழார் தலையை ஆட்டினார். "கரை உடைகிற நேரத்தில் மூன்று பேரைத் தேடிக்கொண்டு நான் எங்கே அம்மா ஓடுவேன்? ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருவன் காட்டுக்குப் போயிருக்கிறான் என்றால் வெள்ளம் காத்திருக்குமா?"

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்று எயினிக்கும் தெரிந்தது. அண்ணன் வீடு, தங்கை வீடு, மடம். எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று அவள் மனம் அப்போதே தடுமாறத் தொடங்கிவிட்டது.

கிழார் எழுந்தார். எழுந்தவர் போகவில்லை. "ஏம்மா, ஒன்று கேட்கிறேன். மகள் பாடும்போது உன் உதடும் அசைந்தது. மகன் முங்கினபோது நீயும் மூச்சைப் பிடித்துக்கொண்டாய், அவன் கட்டையை உருவுகிற நேரத்தில் உன் மணிக்கட்டு திரும்பிற்று. சின்னவன் கேள்வி கேட்டபோது நீ மட்டும்தான் சிரிக்கவில்லை. மேற்கண் அடைபட்டால் என்ன செய்யலாம், நீ சொல் பார்க்கலாம்."

சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்ததால் எயினிக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. வீட்டில் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

"அடைத்தது எது என்று முதலில் கேட்கணும் ஐயா. பாசி என்றால் காலால் மதகுத் தூணைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக் கையால் வாரி எடுத்துவிடலாம். மரம் வந்து செருகியிருந்தால் கைக்கு வராது. அப்போது நடுக்கண்தான். ஆனால் முழுதாகத் திறக்கக்கூடாது. 'மிஞ்சிய நீருக்கு அரைக்கண்' என்று இருபத்தேழாம் அடி இருக்கிறது. அது கோடை மழைக்குச் சொன்னது. இரண்டுக்கும் காரணம் என்னவோ ஒன்றுதான், நீரின் பாரம். அதனால் இங்கேயும் செல்லும்."

கிழார் மறுபடி உட்கார்ந்தார்.

கணக்காயர் மெதுவாகக் கனைத்தார். வழக்கம் பிள்ளைகளுக்குத்தானே, தாய்க்கு இல்லையே என்று நினைவூட்டினார்.

அப்போது வேம்பன், "ஓலையில் பிள்ளை என்றா எழுதியிருக்கிறது?" என்று கேட்டான்.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலக் கணக்காயர் ஓலையைப் பிரித்தார். வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். மடையன் இறந்தால் அவ்வீட்டில் கற்றார் ஒருவர் என்று இருந்தது. கற்றார் என்றால் பிள்ளைகள்தானே என்று அவருக்கு முன்னால் இருந்த கணக்காயர் பிள்ளை என்றே வாசித்தார். அவர் வாசித்ததைக் கேட்டுப் பழகிய இவரும் அப்படியே வாசித்தார். கண் ஓலையில் இருக்கும், வாய் பழக்கத்தில் இருக்கும். ஓலையில் அந்தச் சொல் இல்லவே இல்லை.

கணக்காயர் நேர்மையானவர். உள்ளதை உள்ளபடி உரக்க வாசித்தார்.

கிழார் எயினியைப் பார்த்து, "நீ இந்த வீட்டில் கற்றாயா அம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க ஐயா. நான் சொல்லித்தான் கொடுத்தேன்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வோர் அடியும் மூன்று தடவை. மூன்று விதமாக."

கிழார், நான் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் ஒரே ஒரு விதமாகக் கற்றவர்கள்தான், இவள் மூன்று விதமாகக் கற்றிருக்கிறாள் என்று கணக்காயரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு எயினியிடம் பாடச் சொன்னார்.

எயினி பாடினாள். குரல் கம்மியிருந்தது, ராகம் என்று ஒன்றும் இல்லை. பதினெட்டாம் அடியில் நிறுத்தி, டேய் காடா, மதகு விளிம்பிலிருந்து இறங்கு என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். நாற்பதும் முடிந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீரில் இறங்கினாள். முங்கினாள். கரையில் இருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். அவர்கள் இருபதை எட்டுமுன் கரைக்கு அந்தப் பக்கம் கால்வாயில் நீர் சலசலத்து ஓடிற்று. அளவான நீர், உடைக்காத நீர்.

வெண்ணாவல் ஏரி உன் பொறுப்பு என்றார் கிழார். ஊர் ஆரவாரம் செய்தது. சேந்தி அம்மாவின் தலையைத் துவட்ட ஓடினாள்.

வேலை ஏற்கிறவர்கள் வாரியத்திடம் ஒன்று கேட்டுப் பெறுவது வழக்கம். சேலை கேட்பார்கள், மாடு கேட்பார்கள். என்ன வேண்டும் என்று கிழார் கேட்டார். எயினி நனைந்த சேலையோடு கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு நாள் யாரிடமும் எதையும் சொல்லாமல் இருக்கணும் ஐயா" என்றாள்.

கிழார் சிரிக்கவில்லை. தன் ஆளை விட்டு மறுநாள் முழுதும் மதகைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இந்த வீட்டுப் பக்கம் ஒருவரும் போகக்கூடாது என்றும் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

மறுநாள் எயினி படுத்தே இருந்தாள். பகலெல்லாம் மழை பெய்தது. கூரை இரண்டு இடத்தில் ஒழுகிற்று. ஒழுகாத மூலை யாருக்கு என்று மூன்று பிள்ளைகளும் குரலை அடக்கிக்கொண்டு சண்டை போட்டார்கள். அடுத்த நாள் காலையில் உலக்கை எடுக்க வேண்டும், உச்சியில் குடம் சுமக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் கரையில் நடக்க வேண்டும். சோதனை முடிந்தாலும் பிள்ளைகள் முடியவில்லையே. எயினி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று குரலும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தன.

கேட்டவர்களுக்கு இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வழியில் சொல்லித் தருகிறவர் களைத்துத்தான் போவார், ஆனால் அந்தப் பாடத்தை அவரைவிட முழுதாகக் கற்றவர் எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டார்.